திரையில் தெரியும் குள்ளர் உண்மையில் யார்?

கேள்வி இதுதான்: “பிள்ளைகளோடு உட்கார்ந்து ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ மூன்று படங்களையும் பார்த்து முடித்தோம். கிம்லியாக நடித்தவர் நிஜமாகவே அவ்வளவு குட்டையா? இல்லையென்றால் எப்படி அப்படிக் காட்டினார்கள்? குள்ளர்கள் வரும் ஃபேன்டஸி படங்கள் வேறு என்னென்ன பார்க்கலாம்?”

கிம்லி என்ற குள்ளராக நடித்த ஜான் ரீஸ்-டேவிஸ் குட்டையானவர் இல்லை. ஆறடிக்கும் மேல் உயரம். மோதிரத்தோடு புறப்படும் ஒன்பது பேராக நடித்தவர்களில் அவர்தான் எல்லோரையும்விட உயரமானவர். கேட்க விசித்திரமாக இருக்கும், ஆனால் படப்பிடிப்புக்கு அது பெரிய வசதியாகப் போய்விட்டது. கதைப்படி ஹாபிட்டுகள் என்ற சின்ன மனிதர்கள் சுமார் மூன்றரை அடி, குள்ளர்கள் அதைவிட ஓர் அடி கூடுதல். ஃப்ரோடோ என்ற ஹாபிட்டாக நடித்த எலைஜா வுட் ஐந்தரை அடி. அவர் பக்கத்தில் ரீஸ்-டேவிஸ் நின்றால், ஹாபிட்டுக்கும் குள்ளருக்கும் இருக்க வேண்டிய வித்தியாசம் தானாகவே வந்துவிடும். அதனால் ஹாபிட்டுகளையும் கிம்லியையும் ஒரு முறை, மந்திரவாதி கேண்டால்ஃப், அரகார்ன், லெகோலாஸ், போரோமிர் என்ற உயரமான நால்வரையும் இன்னொரு முறை எடுத்து இரண்டையும் சேர்த்தால் போதும். கிம்லிக்காக மூன்றாவது தடவை கேமராவை ஓட்ட வேண்டியிருக்கவில்லை.

ஆனால் நீங்கள் பார்த்த கிம்லி அவர் ஒருவர் மட்டும் இல்லை. முகம் தெரியும் இடங்களில் ரீஸ்-டேவிஸ். உயரமான ஆட்களுக்குப் பக்கத்தில் முழு உருவமாக ஓடும்போதும், கோடரியைச் சுழற்றும்போதும், தூரத்தில் மலையேறும்போதும் பெரும்பாலும் பிரெட் பீட்டி என்பவர். ஐந்தடிக்கும் குறைவான உயரம் கொண்ட சண்டைக் கலைஞர். அந்த ஒப்பனை ரீஸ்-டேவிஸுக்குச் சுத்தமாக ஒத்துக்கொள்ளவில்லை. கண்ணைச் சுற்றியிருந்த தோல் ஒவ்வாமையால் புண்ணாகிப் போனது. அதனாலும் பீட்டியின் வேலை கூடியது. படப்பிடிப்பின் நினைவாக அந்த ஒன்பது பேரும் ‘ஒன்பது’ என்பதைக் கதையில் வரும் எல்ஃப் இனத்தவரின் எழுத்தில் பச்சை குத்திக்கொள்ள முடிவு செய்தபோது, ரீஸ்-டேவிஸ் தனக்கு வேண்டாம் என்று சொல்லித் தன் இடத்தில் பீட்டியை அனுப்பினார். இது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. போஸ்டரில் முகம் வராத ஒருவருக்கு அந்தக் குழுவில் ஓர் இடம் இருந்தது என்பதற்கு அவர் உடம்பிலேயே அத்தாட்சி இருக்கிறது.

குள்ளர்கள் வரும் எந்தப் படத்தைப் பார்த்தாலும் நான் முதலில் கவனிப்பது இதைத்தான். முகம் யாருடையது, உடல் யாருடையது, குரல் யாருடையது? இந்த மூன்றும் ஒரே மனிதருடையதாக இருந்த படங்கள் ஃபேன்டஸி சினிமாவில் குறைவு. அந்தச் சில படங்களை உங்கள் வீட்டுப் பட்டியலில் முதலில் வைக்க வேண்டும் என்பது என் கட்சி. அதற்கு முன்னால், எப்படி எடுத்தார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

அடிப்படை வித்தை மிகப் பழையது. கேமராவுக்குப் பக்கத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும், தள்ளி இருப்பது சிறிதாகத் தெரியும். முதல் படத்தின் தொடக்கத்தில் கேண்டால்ஃபும் ஃப்ரோடோவும் ஒரே குதிரை வண்டியில் அக்கம்பக்கமாக உட்கார்ந்து பேசிக்கொண்டு வருகிறார்களே, அந்த வண்டியின் இருக்கை ஒரே நேர்ப்பலகை இல்லை. கேண்டால்ஃப் உட்காரும் பாதி கேமராவை ஒட்டி இருக்கும், ஃப்ரோடோ உட்காரும் பாதி நன்றாகப் பின்னால் தள்ளி இருக்கும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரிப்பதாக நமக்குத் தோன்றுகிறது. உண்மையில் இரண்டு பேரும் வெற்றிடத்தைப் பார்த்துத்தான் நடித்தார்கள்.

இந்த வித்தையில் ஒரு சிக்கல் உண்டு. கேமரா அசையாமல் இருக்க வேண்டும், கொஞ்சம் நகர்ந்தாலும் குட்டு வெளிப்பட்டுவிடும். இயக்குநர் பீட்டர் ஜாக்சனுக்கோ கேமராவை ஓயாமல் நகர்த்திக்கொண்டே இருப்பதுதான் பழக்கம். அதனால் அவருடைய ஆட்கள் என்ன செய்தார்கள் என்றால், ஹாபிட் வீட்டில் தேநீர் குடிக்கும் காட்சிக்கு மேசையையே இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியும் அதில் உட்கார்ந்திருக்கும் நடிகரும் நகரும் மேடைமேல். கேமரா ஒரு பக்கம் போகப் போக, அந்த மேடையும் அதே கணக்கில் நகர்ந்து, இரண்டு பாதிகளும் எப்போதும் ஒட்டியிருப்பதாகவே தெரியும். அடுத்த முறை அந்தக் காட்சி வரும்போது மேசையின் நடுப்பகுதியை மட்டும் பாருங்கள். தெரிந்து பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாது.

அப்புறம் அந்த வீட்டையே இரண்டு அளவில் கட்டியிருந்தார்கள். கேண்டால்ஃப் தலை குனிந்து நுழையச் சின்னது ஒன்று, ஃப்ரோடோ இயல்பாக நடமாடப் பெரியது ஒன்று. கோப்பை, புத்தகம், நாற்காலி என்று எல்லாமே இரண்டிரண்டு. பெரிய வீட்டில் கேண்டால்ஃப் முதுகைக் காட்ட வேண்டியிருந்தால் ஏழடிக்காரர் ஒருவர் அந்த அங்கியை மாட்டிக்கொண்டு நிற்பார்.

இந்த மாதிரி வேலை நமக்குப் புதிதில்லை. 1989-ல் வந்த ‘அபூர்வ சகோதரர்கள்’ ஃபேன்டஸி இல்லைதான், ஆனால் அப்புவாகக் கமல்ஹாசனைக் காட்ட மடக்கிய காலில் மாட்டும் தனிக் காலணி, கால் மறைய நிற்பதற்குத் தரையில் பள்ளம், உட்காரும் காட்சிக்குப் பொய்க்கால் என்று கம்ப்யூட்டர் உதவியே இல்லாமல் செய்தார்கள். காட்சிக்குக் காட்சி வேறு வேறு உத்தி. ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ எடுத்த நியூசிலாந்தில் நடந்ததும் அதே கதைதான். ஒரே உத்தியைத் தொடர்ந்து பயன்படுத்தினால் பார்ப்பவர் கண் பழகிப்போய்க் கண்டுபிடித்துவிடும். மாற்றி மாற்றிச் செய்தால் தேடுவதையே விட்டுவிடும்.

ஃப்ரோடோவின் உடலாக இருந்தவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். கிரண் ஷா. கென்யாவின் நைரோபியில் பிறந்த இந்திய வம்சாவளிக்காரர். உயரம் நான்கடிக்கு ஓரிரு அங்குலம் மேல். திரைப்படத் துறையில் வேலை செய்யும் மிகக் குட்டையான சண்டைக் கலைஞர் என்று கின்னஸ் சாதனைப் புத்தகத்தில் இருக்கிறார். 1978-ல் வந்த ‘சூப்பர்மேன்’ படத்தில் நாயகன் தூரத்தில் பறப்பதாகக் காட்டும் சில இடங்களுக்கு அவருடைய சின்ன உருவத்தைப் பயன்படுத்தினார்கள். ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ மூன்றிலும் ஃப்ரோடோவின் அங்கியை மாட்டிக்கொண்டு நடந்தார், ஓடினார், விழுந்தார். சொந்த முகத்தோடு ஃபேன்டஸி படங்களில் வந்ததும் உண்டு: ரிட்லி ஸ்காட்டின் ‘லெஜண்ட்’ படத்தில் பிளண்டர், 2005-ல் வந்த முதல் நார்னியா படத்தில் வெள்ளைச் சூனியக்காரியின் பனிச்சறுக்கு வண்டியை ஓட்டும் குள்ளன் ஜினார்பிரிக். உங்கள் பிள்ளைகள் நார்னியா பார்த்திருந்தால் அந்த முகத்தைக் காட்டி, “இவர்தான் அந்தப் படத்தில் ஃப்ரோடோவின் முதுகு” என்று சொல்லுங்கள். மறக்கவே மாட்டார்கள்.

கிம்லி பாத்திரத்தைப் பற்றி எனக்கு ஒரு மனக்குறை உண்டு. முதல் படத்தில் அவர் ஒரு முழு மனிதர். மோரியா சுரங்கத்தில் தன் உறவினர் பாலினின் கல்லறையைப் பார்த்து உடைந்து அழும்போது தியேட்டரே அமைதியாகிவிடும். இரண்டாவது படத்திலிருந்து அவர் சிரிப்புக் காட்டுபவராகிவிடுகிறார். குதிரையிலிருந்து விழுகிறார், ஓடினால் மூச்சு வாங்குகிறார், கோட்டைச் சுவருக்கு மேல் எட்டிப் பார்க்க முடியாமல் நிற்கிறார், லெகோலாஸ் அதைச் சொல்லிக் கிண்டல் செய்கிறார். போரின் இறுக்கத்தைத் தளர்த்த ஒருவர் தேவை என்பது புரிகிறது. ஆனால் அந்த ஒருவர் ஏன் எப்போதும் குட்டையானவராகவே இருக்க வேண்டும்? நீளமான பதிப்பு கிடைத்தால் அதையே பாருங்கள். எல்ஃப் அரசி கலாட்ரியலிடம் ஒரே ஒரு தலைமுடியைக் கேட்டதாகவும், அவள் மூன்று கொடுத்ததாகவும் கிம்லி சொல்லும் சின்னக் காட்சி அதில்தான் இருக்கிறது. அவருக்கு மரியாதை சேர்க்கும் காட்சி அது.

2012 முதல் 2014 வரை வந்த ‘தி ஹாபிட்’ மூன்று படங்களில் பதின்மூன்று குள்ளர்கள். கிம்லியின் அப்பா க்ளோயினும் அதில் உண்டு. தலைவன் தோரினாக நடித்த ரிச்சர்ட் ஆர்மிடேஜும் ஆறடிக்கு மேல்தான். இந்தத் தடவை படம் முப்பரிமாணம். அங்கேதான் பழைய வித்தை காலை வாரிவிட்டது. முப்பரிமாணத்தில் நம் இரண்டு கண்ணுக்கும் தூரம் தெரிந்துவிடும். பின்னால் உட்கார்ந்திருப்பவர் சின்னவராகத் தெரியமாட்டார், பின்னால் உட்கார்ந்திருப்பவராகவே தெரிவார். அதனால் ஹாபிட் வீட்டு அரங்கில் குள்ளர்கள் நடிக்க, பக்கத்திலேயே பச்சைத் திரை போட்ட இன்னொரு அரங்கில் கேண்டால்ஃபாக இயன் மெக்கெல்லன் தனியாக நடித்தார். இரண்டு கேமராக்களும் கம்ப்யூட்டர் பிணைப்பில் ஒன்றாக அசையும். அவரைச் சுற்றிக் குள்ளர்களின் புகைப்படங்கள் கம்பியில் மாட்டியிருக்கும், யார் பேசுகிறாரோ அந்தப் படத்தின் விளக்கு எரியும். அதைப் பார்த்துப் பேச வேண்டும். எழுபதைக் கடந்த, மேடையில் வளர்ந்த அந்த நடிகர் ஒரு நாள் தாங்க முடியாமல் அழுதுவிட்டார். இதற்காகவா நடிகனானேன் என்று சொன்னது மைக்கில் பதிவாகி எல்லோருக்கும் கேட்டுவிட்டது. படத்தில் அந்த விருந்துக் காட்சி அவ்வளவு கலகலப்பாக இருக்கிறது. எடுத்த விதம் தெரிந்த பிறகு எனக்கு அவர்மேல் மரியாதை பல மடங்கு கூடிவிட்டது.

நடிகர்களைக் குட்டையாகக் காட்ட இன்னொரு நுட்பமும் அங்கே உண்டு. தலையையும் கையையும் பெரிதாக்கிவிட்டார்கள். சிலிகோன் நெற்றி, பெரிய மூக்கு, அடர்ந்த விக், தடித்த செயற்கைக் கை, உடுப்புக்குள் பஞ்சுப் பொதி. ஆறடி ஆளுக்கு இதெல்லாம் சேரும்போது உடலின் விகிதம் மாறிப்போகிறது. தனியாக நின்றாலும், பக்கத்தில் ஒப்பிட ஆளே இல்லாவிட்டாலும், இவர் குட்டை என்று கண் முடிவு செய்துவிடுகிறது.

மூன்று ஹாபிட் படங்களில் முதல் படம் எனக்குப் பிடிக்கும். அடுப்புக்கு முன்னால் குள்ளர்கள் தாழ்ந்த குரலில் தங்கள் தொலைந்துபோன மலையைப் பாடும் இடம் ஒன்று போதும். ஊரை இழந்தவர்களின் பாட்டு அது. மூன்றாவது படம் சண்டையிலேயே போய்விடுகிறது, பதின்மூன்று பேரில் பாதிப் பேர் பெயர்கூட நினைவில் நிற்காது. இவர்களுடைய பெயர்களில் பெரும்பாலானவை வட ஐரோப்பாவின் பழைய நார்ஸ் மொழிக் கவிதை ஒன்றில் வரும் குள்ளர் பட்டியலிலிருந்து, இந்தக் கதைகளை எழுதிய டோல்கீன் எடுத்தவை. கேண்டால்ஃப் என்ற பெயரும் அதே பட்டியலில்தான் இருக்கிறது. மலைக்குள் வாழ்வது, உலோகம் அடிப்பது, தெய்வங்களுக்கே ஆயுதம் செய்து கொடுப்பது எல்லாம் அந்த வட ஐரோப்பியப் புராணங்களின் சொத்து. அந்தப் புராணங்களில் தோர் என்ற இடித் தெய்வத்தின் சுத்தியலைச் செய்தவர்களும் குள்ளர்களே. மார்வெலின் ‘இன்ஃபினிட்டி வார்’ படத்தில் தோருக்குப் புதுக் கோடரி செய்ய வழி காட்டும் எய்ட்ரி என்ற குள்ளராகப் பீட்டர் டிங்க்லேஜ் வருகிறார். நாலரை அடி நடிகரை அங்கே தோரைவிட மிகப் பெரிய உருவமாகக் காட்டியிருப்பார்கள். குள்ளர் என்றால் குட்டை என்ற பழக்கத்தை உடைத்த அந்த யோசனை எனக்குப் பிடித்திருந்தது.

சரி, இனி உண்மையிலேயே உயரம் குறைந்த நடிகர்களின் கதைக்கு வருவோம்.

1939-ல் வந்த ‘தி விசார்ட் ஆஃப் ஆஸ்’ படத்தில் மஞ்ச்கின் என்ற சின்ன மனிதர்களின் ஊர் வரும். அதில் நடித்தவர்கள் நூற்றுக்கும் அதிகமான உயரம் குறைந்த பெரியவர்கள். பல ஊர்களிலிருந்து ஹாலிவுட்டுக்கு வந்து, பளபளக்கும் உடையில் ஆடிப் பாடினார்கள். ஆனால் படத்தில் கேட்கும் குரல் பெரும்பாலும் அவர்களுடையது இல்லை. வேறு ஆட்கள் பாடிப் பேசியதை வேகமாக ஓட்டிக் கீச்சுக் குரலாக்கிச் சேர்த்தார்கள். முகமும் உடலும் இவர்களுடையது, குரல் வேறு யாருடையதோ.

அதற்கு இரண்டு ஆண்டுக்கு முன்பு, 1937 டிசம்பரில், டிஸ்னியின் ‘ஸ்னோ ஒயிட்’ கார்ட்டூன் வந்திருந்தது. அந்தப் படத்தின் கலையை நான் குறைத்துப் பேச மாட்டேன். கோபக்காரக் குள்ளன் க்ரம்பியை ஸ்னோ ஒயிட் நெற்றியில் முத்தமிடும் இடத்தைப் பாருங்கள். முறைத்துக்கொண்டு வெடுக்கென்று திரும்பி நடப்பான். நாலு எட்டு வைத்ததும் நடை தளரும், முகம் குழையும், ஒரு பெருமூச்சு. உடனே சுதாரித்துக்கொண்டு மறுபடி விறைப்பாக நடக்கப் போய் மரப் பொந்தில் மூக்கை மாட்டிக்கொள்வான். க்ரம்பியை வரைந்தவர்களில் முக்கியமானவர் பில் டிட்லா. வசனமே இல்லாமல், ஒரு நடையில் மனம் மாறுவதைக் கோட்டோவியத்தில் காட்டிவிட்டார். கிரிம் சகோதரர்களின் கதையில் இந்த ஏழு பேருக்கும் பெயரே கிடையாது. தூங்குமூஞ்சி, தும்மல்காரன், வெட்கப்படுபவன் என்று ஒரு குணத்தையே பெயராக வைத்தது டிஸ்னி. படத்துக்கு அது பொருந்தியது. ஆனால் குட்டையானவர் என்றால் ஒரு குணமும் ஒரு தொப்பியும் போதும் என்ற எண்ணம் அதற்குப் பிறகு பல ஆண்டுகள் நிஜ நடிகர்களின் தலையில் உட்கார்ந்திருந்தது.

1977-ல் வந்த ‘ஸ்டார் வார்ஸ்’ படத்திலும் உயரம் குறைந்த நடிகர்கள் நிறையப் பேர். ஆனால் ஒரு முகமும் தெரியாது. கென்னி பேக்கர் ஆர்2-டி2 என்ற இயந்திரத்துக்குள் உட்கார்ந்திருந்தார். அவரோடு மேடைகளில் நகைச்சுவை நிகழ்ச்சி நடத்திய நண்பர் ஜாக் பர்விஸ், முக்காடு போட்ட ஜாவாக்களின் தலைவன்.

1981-ல் டெர்ரி கில்லியம் இந்த இருவரையும், டேவிட் ராப்பபோர்ட், மைக் எட்மண்ட்ஸ், மால்கம் டிக்சன், டைனி ராஸ் ஆகிய நால்வரையும் சேர்த்து ‘டைம் பேண்டிட்ஸ்’ எடுத்தார். பையன் ஒருவனின் கண் மட்டத்திலிருந்தே முழுப் படத்தையும் எடுக்க வேண்டும் என்பது அவர் ஆசை. ஒரு சிறுவனால் மட்டும் படத்தைத் தூக்கிச் சுமக்க முடியாது என்று தோன்றியது. அப்படியானால் அவன் உயரத்திலேயே இருக்கும் பெரியவர்களைக் கூட்டாளிகளாக்கிவிடலாமே என்று முடிவு செய்தார். கேமரா தாழ்வாகவே இருக்கும். வழக்கமான உயரத்தில் இருப்பவர்கள் வந்தால் அவர்கள்தான் ஃபிரேமுக்குள் அடங்காமல் துருத்திக்கொண்டு தெரிவார்கள்.

கதையும் அருமை. இந்த ஆறு பேரும் படைப்புக் கடவுளிடம் மரம் செடி உண்டாக்கும் வேலையில் இருந்தவர்கள். அங்கிருந்து காலத்தில் உள்ள ஓட்டைகளை அடைக்கும் வேலைக்குத் தள்ளப்படுகிறார்கள். ஓட்டைகள் எங்கே என்று காட்டும் வரைபடத்தைத் திருடிக்கொண்டு, சரித்திரத்துக்குள் புகுந்து கொள்ளையடிக்கக் கிளம்பிவிடுகிறார்கள். நெப்போலியன் அவர்களை விருந்துக்குக் கூப்பிட்டு, உலகை வென்றவர்கள் ஒவ்வொருவரும் எத்தனை அடி எத்தனை அங்குலம் என்று போதையில் ஒப்பித்துக்கொண்டே தூங்கிப்போவான். அவர்களோ மேசையைத் துடைத்து எடுத்துக்கொண்டு நடையைக் கட்டுவார்கள். தன் உயரத்தை நினைத்துப் புழுங்குபவன் பேரரசன். அதைப் பற்றி ஒரு கவலையும் இல்லாமல் திருடுபவர்கள் இவர்கள். சண்டை போடுகிறார்கள், பேராசைப்படுகிறார்கள், தலைமைக்கு அடித்துக்கொள்கிறார்கள், ஒருவன் செத்தால் மற்றவர்கள் அழுகிறார்கள். இயந்திரத்துக்குள்ளும் முக்காட்டுக்குள்ளும் இருந்தவர்கள் முகத்தைக் காட்டி வயிறார நடித்த படம் இது. நெப்போலியனாக வரும் இயன் ஹோம், இருபது ஆண்டு கழித்து ஹாபிட் பில்போவாக வந்தவர்தான்.

இப்போது நான் மிகவும் விரும்பும் படம்: ‘வில்லோ’, 1988. கதை ஜார்ஜ் லூகாஸ், இயக்கம் ரான் ஹோவர்ட். வில்லோவாக வார்விக் டேவிஸ். நான்கடிக்குக் குறைந்த ஆட்கள் தேவை என்ற ரேடியோ விளம்பரத்தை அவருடைய பாட்டி கேட்டதால், பதினொரு வயதில் ஸ்டார் வார்ஸ் மூன்றாவது படத்தில் கரடிக்குட்டி போன்ற ஈவாக் உடைக்குள் புகுந்தவர். ‘வில்லோ’ எடுக்கும்போது வயது 17. அந்த வயதில் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் உள்ள விவசாயியாக நடித்தார்.

ஆற்றில் மிதந்து வந்த ஒரு குழந்தையைக் காப்பாற்றி, கொடிய ராணியிடமிருந்து தப்பிக்க வைக்க வேண்டும். அவ்வளவுதான் கதை. அதில் வில்லோ பயப்படுகிறார், மனைவியைப் பிரிய மனமில்லாமல் தயங்குகிறார், குழந்தைக்குப் பால் தேடி அலைகிறார். அவருக்கு மந்திரவாதி ஆக ஆசை. ஊர்த் திருவிழாவில் பன்றிக்குட்டியை மறைய வைக்கும் வித்தையைச் செய்து காட்டி, அது கடைசி நேரத்தில் வெளியே ஓடிவிட, ஊரே சிரிக்கிறது. பிறகு ஊர் மந்திரவாதி சீடனைத் தேர்ந்தெடுக்க, தன் கையை விரித்து நீட்டி, உலகை ஆளும் சக்தி எந்த விரலில் இருக்கிறது என்று கேட்கிறார். வில்லோ ஒரு கணம் தன் கையைப் பார்க்கிறார். அப்புறம் தைரியம் போய் அவருடைய விரலைத் தொடுகிறார். தவறான பதில். பயணம் கிளம்பும்போது அந்தப் பெரியவர் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, அப்போது முதலில் உன் மனசுக்கு என்ன தோன்றியது என்று கேட்கிறார். என் விரலையே காட்டத் தோன்றியது என்கிறார் வில்லோ. அதுதான் சரியான பதில் என்று சொல்லி அனுப்புகிறார். அந்தப் பன்றிக்குட்டி வித்தை கடைசியில் எங்கே பயன்படுகிறது என்பதை நான் சொல்லப் போவதில்லை, பிள்ளைகளோடு பாருங்கள்.

ஊர் மந்திரவாதியாக நடித்த பில்லி பார்ட்டி, 1957-ல் உயரம் குறைந்தவர்களுக்காக அமெரிக்காவில் ‘லிட்டில் பீப்பிள் ஆஃப் அமெரிக்கா’ என்ற அமைப்பைத் தொடங்கியவர். அவர் வார்விக் டேவிஸிடம் அந்தக் கேள்வியைக் கேட்கும் காட்சிக்கு எனக்கு எப்போதும் கூடுதல் கனம் உண்டு. வில்லோவின் கிராமம் முழுக்க உயரம் குறைந்த நடிகர்கள். விவசாயி, ஊர்த் தலைவர், தாய், வீரன், சண்டைக்காரன் என்று எல்லா வேடமும் அவர்களுக்கே. கூட்டத்தில் ஒருவராக இருக்க முடிந்தது என்பதே அவர்களுக்கு அபூர்வமாக இருந்திருக்கும். டேவிஸ் பிறகு உயரம் குறைந்த நடிகர்களுக்கு வாய்ப்புத் தேடித் தரும் நிறுவனம் ஒன்றைத் தன் மாமனாரோடு சேர்ந்து தொடங்கியபோது அதற்கும் ‘வில்லோ’ பெயரையே வைத்தார். ஹாரி பாட்டர் படங்களில் பேராசிரியர் ஃப்ளிட்விக் அவரே. 2008-ல் வந்த நார்னியா இரண்டாம் படமான ‘பிரின்ஸ் காஸ்பியனில்’ கசப்பேறிய கறுப்புக் குள்ளன் நிக்காபிரிக்கும் அவரே. பீட்டர் டிங்க்லேஜ் சிவப்புத் தாடி ட்ரம்ப்கின். இருவரையும் ஒரே படத்தில் பார்க்க அதுவே வழி. 2025-ல் பிரிட்டிஷ் திரைப்பட அகாடமி டேவிஸுக்குத் தன் மிக உயர்ந்த கௌரவத்தைக் கொடுத்தது.

‘லேபிரிந்த்’ படத்தின் ஹாகிளை விட்டுவிடக் கூடாது. 1986, இயக்கம் ஜிம் ஹென்சன். பொம்மை உடைக்குள் ஷாரி வைசர் என்ற பெண் நடந்தார். முகத்தின் தோலுக்கடியில் இருந்த மோட்டார்களை வெளியே சிலர் ரிமோட்டில் இயக்கினார்கள். குரல் ஹென்சனின் மகன் பிரையனுடையது. இத்தனை பேர் சேர்ந்து ஒரே குள்ளன். இருந்தும் அவன் கோழைத்தனமும் வெட்கமும் ஒரே உயிரிலிருந்து வருவதாகத் தோன்றுகிறது.

2012-ல் ஒரே ஆண்டில் இரண்டு ஸ்னோ ஒயிட் படங்கள் வந்தன. ‘ஸ்னோ ஒயிட் அண்ட் தி ஹன்ட்ஸ்மேன்’ படத்தில் பாப் ஹாஸ்கின்ஸ், இயன் மெக்‌ஷேன், ரே வின்ஸ்டன் போன்ற வழக்கமான உயர நடிகர்களின் முகங்களைக் கம்ப்யூட்டர் மூலம் சின்ன உடல்களில் பொருத்தினார்கள். எல்லோரும் நல்ல நடிகர்கள், ஆனால் ‘லிட்டில் பீப்பிள் ஆஃப் அமெரிக்கா’ கண்டித்தது, எனக்கும் அது நியாயமாகவே பட்டது. குள்ளர் வேடத்துக்குக்கூட உயரம் குறைந்தவர்களின் முகம் வேண்டாம் என்றால், வேறு எந்த வேடத்துக்குக் கூப்பிடுவார்கள்? அதே ஆண்டு பஞ்சாபின் ஜலந்தரில் பிறந்த தர்செம் சிங் இயக்கிய ‘மிரர் மிரர்’ வேறு வழியில் போனது. ஏழு பேரும் உயரம் குறைந்த நடிகர்களே. ஊரால் விரட்டப்பட்டதால் கொள்ளைக்காரர்களானவர்கள். துருத்தி போல மடிந்து விரியும் கால்களை மாட்டிக்கொண்டு ராட்சதர்களாகப் பனிக்காட்டில் குதித்து வந்து வழிமறிப்பார்கள். படம் மொத்தமாகப் பெரிய படமில்லை. ஆனால் ஐகோ இஷியோகாவின் உடைகளுக்காகவும் இந்த ஏழு பேருக்காகவும் பார்க்கலாம்.

அதில் நடித்த மார்ட்டின் க்ளெப்பா 2025-ல் டிஸ்னி மறுபடி எடுத்த ‘ஸ்னோ ஒயிட்’ படத்திலும் க்ரம்பியாக இருக்கிறார், ஆனால் குரல் மட்டும். 2022-ல் பீட்டர் டிங்க்லேஜ் ஒரு பேட்டியில், குகைக்குள் வாழும் ஏழு குள்ளர்கள் என்ற பழைய கதையையே மறுபடி எடுக்கிறீர்களே என்று கேட்டார். டிஸ்னி அவர்களைக் கணினி வரைகலையில் உருவாக்கியது. உடனே உயரம் குறைந்த வேறு நடிகர்கள், எங்களுக்கு வரும் கொஞ்சநஞ்ச வேலையும் போகிறதே என்று வருந்தினார்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது என்றாலும், நான் வேலை கேட்டவர்கள் பக்கம். பாத்திரம் மோசமாக எழுதப்பட்டிருந்தால் அதை நன்றாக எழுத வேண்டும். நடிகரை நீக்கிவிட்டு அதே பாத்திரத்தை வரைந்து வைப்பதில் யாருக்கு என்ன லாபம்?

நம் பக்கத்திலும் ஒரு படம் உண்டு. 2005-ல் மலையாளத்தில் வினயன் இயக்கிய ‘அத்புத த்வீபு’, பிறகு தமிழில் ‘அற்புதத் தீவு’ என்று வந்தது. ஒரு சாபத்தால் ஆண்கள் எல்லோரும் குட்டையாகவும் பெண்கள் வழக்கமான உயரத்திலும் இருக்கும் தீவு. நாயகனாக நடித்த அஜயகுமாரின் உயரம் 76 சென்டிமீட்டர். அதற்காகக் கின்னஸில் இடம்பெற்றதால் கின்னஸ் பக்ரு என்றே பெயராகிவிட்டது. அரசவை, படை, ஊர் மக்கள் என்று படம் முழுக்க உயரம் குறைந்த நடிகர்கள். கிராபிக்ஸ் இன்று பழசாகத் தெரியும், நகைச்சுவையில் சில இடங்கள் நெருடும். ஆனால் காதலிக்கவும் கோபப்படவும் உரிமையுள்ள நாயகனாக ஒருவரை நிறுத்தியதில் அது ‘வில்லோ’வின் வரிசையில் சேரும்.

பிள்ளைகளோடு பார்ப்பதால் வரிசை இப்படி வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ‘வில்லோ’. ராணியின் வேட்டை நாய்களும், பாலத்தில் வரும் இரண்டு தலை அரக்கனும் சின்னவர்களைக் கொஞ்சம் பயமுறுத்தும், பக்கத்தில் இருந்தால் போதும். அடுத்து 1937 ‘ஸ்னோ ஒயிட்’, ‘லேபிரிந்த்’, நார்னியா இரண்டும். ‘ஹாபிட்’ முதல் படம் மட்டும் போதும். அதில் பாலினைப் பார்த்துவிட்ட பிள்ளைகளுக்கு மோரியாக் கல்லறைக் காட்சி வேறு மாதிரி தெரியும். ‘ஹன்ட்ஸ்மேன்’ பதின்ம வயதுக்கு மேல். ‘டைம் பேண்டிட்ஸ்’ பத்து வயதுக்குப் பிறகு காட்டுங்கள். அதன் முடிவில் சிறுவனின் பெற்றோருக்கு நடப்பது திடீரென்று வரும், சின்னப் பிள்ளைகள் அதிர்ந்துவிடுவார்கள். அதே பெயரில் 2024-ல் ஒரு தொடரும் வந்தது, அதில் கொள்ளைக்காரர்களாக முக்கிய வேடங்களில் வருபவர்கள் உயரம் குறைந்த நடிகர்கள் இல்லை. தேடும்போது 1981 என்ற ஆண்டைப் பார்த்து எடுங்கள்.